திரைப்படங்களில் இந்திய வறுமை

திரைப்படங்களில் இந்திய வறுமை என்பது, இந்திய ஏழைகளின் வாழ்வை இந்தியரும் பிறநாட்டவரும் படமாக்கிய வரலாற்றையும், அப்படங்களைச் சுற்றி எழுந்த வாதங்களையும் குறிக்கும். உழவர் கடன், பஞ்சம், நகரக் குடிசை வாழ்வு, கூலி வேலை, குழந்தை உழைப்பு ஆகியவை இதன் முதன்மைக் களங்கள். மௌனப்படக் காலத்திலேயே தொடங்கிய இவ்வகைப் படங்கள் 1946 முதல் 1957 வரையிலான காலத்தில் உச்சத்தை எட்டின. கான், பெர்லின், கார்லோவி வாரி ஆகிய விழாக்களில் இந்தியா பெற்ற தொடக்ககால விருதுகள் பலவும் ஏழைகளைப் பற்றிய படங்களுக்கே கிடைத்தன. ‘வறுமையை வெளிநாட்டில் விற்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டும் அதே விழாக்களின் வழியாகவே வந்து சேர்ந்தது.

சொற்களும் இடங்களும்

ஏழைகளின் குடியிருப்பைக் குறிக்கும் சொல் ஊருக்கு ஊர் மாறும். கல்கத்தாவில் அது பஸ்தி. பம்பாயில் தகரமும் சாக்கும் கொண்டு கட்டியவை ஜோப்பட்பட்டி எனப்படும். ஆலைத் தொழிலாளர்க்கெனக் கட்டப்பட்ட ஒற்றை அறை வரிசை வீடுகளுக்குச் சால் என்று பெயர். சென்னையில் குப்பம், சேரி என்னும் சொற்கள் வழங்குகின்றன. சேரி என்பது வருமானத்தை மட்டும் குறிக்கும் சொல்லன்று. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சாதியினரின் இருப்பிடத்தையும் குறிக்கும். வெளிநாட்டுப் படங்கள் இவை அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. இந்தியப் படங்களும் நெடுங்காலம் ‘ஏழை’ என்ற பொதுச்சொல்லைக் கையாண்டு, அதற்குள் இருந்த சாதியைப் பேசாமல் விட்டன.

தொடக்க வரலாறு

திரைக்கு முன்: இந்திய வறுமையைக் காமிராவில் பிடிக்கும் வழக்கம் திரைப்படத்தைவிட இருபது ஆண்டு மூத்தது. 1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தை, மக்கள் வழக்கில் தாது வருஷப் பஞ்சத்தை, சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் ஒளிப்படங்களாக எடுத்தார். எலும்பும் தோலுமாகிவிட்ட குடும்பங்களைக் கூட்டமாக உட்காரவைத்து எடுத்த படங்கள் அவை. அக்காலக் காமிராவுக்கு அசையாமல் இருக்கும் ஆட்கள் வேண்டும். பசியில் துவண்டவர்களிடம் அந்த அசைவின்மை இருந்தது. படங்களில் இருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. எடுத்தவரின் பெயர் மட்டும் நிலைத்தது. இதே ஹூப்பர் 1886இல் மண்டலேயில் மரண தண்டனை நிறைவேற்றத்தைப் படமெடுக்க முயன்றதற்காகக் கண்டிக்கப்பட்டார். துன்பப்படுபவரைப் படமெடுப்பது உதவியா, வேடிக்கையா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

மௌனப்படக் காலம்: தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ (1913) வறுமைப் படமாக எண்ணப்படுவதில்லை. ஆனால் அரசை இழந்தவன் மனைவியையும் மகனையும் விற்றுவிட்டு மயானம் காக்கும் கதைதான் அது. இங்கே வறுமை ஒரு சோதனை. சோதனையில் தேறியவுடன் நாடும் குடும்பமும் திரும்பி வந்துவிடும். இந்த வாய்ப்பாடு பின்வந்த எத்தனையோ குடும்பப் படங்களில் ராஜா வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புகுந்துகொண்டது.

இவ்வாய்ப்பாட்டை உடைத்த முதல் படம் கோல்ஹாப்பூரைச் சேர்ந்த பாபுராவ் பெயின்டர் 1925இல் எடுத்த ‘சாவ்காரி பாஷ்’. லேவாதேவிக்காரனின் சுருக்குக் கயிறு என்பது தலைப்பின் பொருள். கடன்பட்ட உழவன் வட்டிக்காரனிடம் நிலத்தைப் பறிகொடுத்து, நகரத்து ஆலைக்குக் கூலியாகப் போகிறான். உழவனாக நடித்தவர் பிற்காலத்தில் பெரிய இயக்குநரான வி. சாந்தாராம். வறுமைக்கு விதியோ முனிவரின் சோதனையோ காரணம் அல்ல, ஒரு கடன் பத்திரம்தான் காரணம் என்று இந்தியத் திரையில் முதலில் சொன்னது இப்படம். இந்திய யதார்த்தத் திரைப்படம் இங்கிருந்தே தொடங்குகிறது. 1936இல் பெயின்டர் இதையே பேசும் படமாக மீண்டும் எடுத்தார்.

அதே 1925இல் ஹிமான்சு ராயும் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஆஸ்டனும் சேர்ந்து புத்தரின் வாழ்வை ‘பிரேம் சன்யாஸ்’ என்று படமாக்கினர். இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஐரோப்பியப் பயணிகளுக்கு முதியவர் ஒருவர் கதை சொல்வதாகப் படம் தொடங்குகிறது. சித்தார்த்தன் காணும் துயரத்தை அப்பயணிகளின் கண்வழியாகவே நாம் காண்கிறோம். ஐரோப்பியரைப் பார்வையாளர் இருக்கையில் உட்காரவைத்து இந்தியாவைக் காட்டும் முறைக்கு இப்படம் முன்னோடி.

1927இல் அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோ ‘மதர் இந்தியா’ என்ற நூலில் இந்தியச் சமூகத்தை இழித்து எழுதினார். சாக்கடையைச் சோதிக்க வந்தவரின் அறிக்கை என்று காந்தி அதை ஒதுக்கினார். வெளியார் நம்மை எப்படிக் காட்டுகிறார்கள் என்ற புண்பட்ட உணர்வு பொதுவாழ்வில் வேரூன்றியது இந்நூலுக்குப் பிறகே. அவ்வாண்டு அரசு அமைத்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்குச் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைவர். மேற்கத்தியப் படங்கள் இந்தியர் கண்ணில் வெள்ளையரின் மதிப்பைக் குலைக்கின்றன என்பது ஆட்சியாளரின் கவலை. 1928இல் அறிக்கை தந்த குழு அக்கவலையைப் பெரிதுபடுத்தாமல், இந்தியப் படத்தொழிலுக்கு ஆதரவு தேவை என்றது.

பேசும் படத்தின் முதற் பத்தாண்டு: 1936இல் பிரபாத் நிறுவனத்தின் ‘சந்த் துக்காராம்’ ஏழைப் பக்தனின் வீட்டை, அடுப்பும் எருமையும் பசித்த குழந்தைகளுமாகக் காட்டிற்று, மறு ஆண்டு வெனிஸ் விழாவில் சிறப்புக் குறிப்பைப் பெற்றது. 1937இல் அர்தேஷிர் இரானி தயாரித்த ‘கிசான் கன்யா’ இந்தியாவிலேயே உருவாகி முடிந்த முதல் வண்ணப்படம். வண்ணம் வந்தவுடன் அரண்மனையை எடுக்காமல் ஏழை உழவனை எடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தமிழில் கே. சுப்ரமணியம் கல்கியின் கதையைக் கொண்டு ‘தியாக பூமி’யை (1939) எடுத்தார். சேரி மக்களுக்குப் புகலிடம் தரும் சாஸ்திரி ஒருவரின் கதை. நாட்டு விடுதலைக் கருத்துகளுக்காக ஆங்கில அரசு இதைத் தடை செய்தது.

பஞ்சமும் மக்கள் நாடகமும்: 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டனர். இந்திய மக்கள் நாடக மன்றத்தினர் பிஜன் பட்டாச்சாரியாவின் ‘நபான்னா’ நாடகத்தை மேடையேற்றிப் பஞ்ச நிதி திரட்டினர். இந்நாடகத்தையும் கிருஷ்ண சந்தரின் கதையையும் அடிப்படையாகக் கொண்டு கே. ஏ. அப்பாஸ் 1946இல் ‘தர்த்தி கே லால்’ படத்தை இயக்கினார். அடுக்கடுக்காகக் கல்கத்தாவுக்கு நடந்துவரும் உழவர் கூட்டத்தில் தனி நாயகன் என்று எவரும் இல்லை. நடித்தவர்களில் பலரும் நாடக மன்றத்தினர். அதே ஆண்டில் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ வெளிவந்தது. மேட்டில் வாழும் செல்வர் தம் கட்டடங்களுக்கு இடம் வேண்டிச் சாக்கடையைப் பள்ளத்திலுள்ள ஏழைகளின் ஊருக்குத் திருப்பிவிடுகிறார், நோய் பரவுகிறது. மாக்சிம் கார்க்கியின் நாடகம் ஒன்று இதற்குத் தூண்டுதல். 1946இல் நடந்த முதல் கான் விழாவில் தலையாய பரிசைப் பகிர்ந்துகொண்ட பதினொரு படங்களில் இதுவும் ஒன்று. இரு படங்களுக்கும் இசை ரவிசங்கர்.

நாட்டுப் பிரிவினையால் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த அகதிகளை நிமாய் கோஷ் ‘சின்னமூல்’ (1950) படத்தில் காட்டினார். சியால்தா ரயில் நிலையத்தில் உண்மை அகதிகளுக்கு நடுவே எடுக்கப்பட்ட பகுதிகள் அதில் உண்டு. சோவியத் இயக்குநர் புதோவ்கின் பார்த்துப் பாராட்டியபின் படம் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டது. நிமாய் கோஷ் பின்னர்ச் சென்னையில் குடியேறி ஒளிப்பதிவாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கினார்.

1952ஆம் ஆண்டு விழாவும் அதன் விளைவும்: 1952 ஜனவரியில் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. அங்கே பார்த்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிய இத்தாலியப் படங்கள் இந்திய இயக்குநர்களின் துணிவை வளர்த்தன. அரங்கை விட்டுத் தெருவுக்குக் காமிராவைக் கொண்டுபோகலாம் என்ற துணிவு அது.

பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’ (1953) இதன் நேர் விளைவு. ஜமீன்தார் தன் ஆலைக்காக உழவன் ஷம்புவின் இரண்டு பிகா நிலத்தைக் கேட்கிறார். மறுத்ததும், 65 ரூபாய் என்று ஷம்பு நம்பியிருந்த கடன் 235 ரூபாயாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. தொகையைக் கட்ட மூன்று மாதத் தவணை. ஷம்பு மகனோடு கல்கத்தா போய்க் கைரிக்ஷா இழுக்கிறான். வேடம் ஏற்ற பல்ராஜ் சாஹ்னி செல்வக் குடும்பத்துப் படித்தவர். ரிக்ஷாக்காரர்களோடு பழகி, தாமே ரிக்ஷா இழுத்துப் பயின்றார். படத்தின் முடிவில் நிலத்தில் ஆலை எழுகிறது. வேலிக்கு வெளியே நின்று ஒரு பிடி மண்ணை அள்ளும் ஷம்புவைக் காவலாளி திருடன் என்று அதட்டி அதையும் உதறவைக்கிறான். ஹரிச்சந்திரனுக்கு நாடு திரும்பி வந்தது. ஷம்புவுக்குப் பிடி மண்ணும் வரவில்லை. இந்திய வறுமைப் படம் இந்த இடத்தில் வயதுக்கு வந்தது எனலாம். முதலாவது ஃபிலிம்ஃபேர் விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகிய இரண்டும் இதற்கே கிடைத்தன. 1954இல் கான் விழாவின் பன்னாட்டுப் பரிசும் வந்தது.

ராஜ் கபூர் தயாரித்த ‘பூட் பாலிஷ்’ (1954), பிச்சை எடுக்க மறுத்து ஷூ துடைக்க முடிவெடுக்கும் அநாதைக் குழந்தைகளின் கதை. இதில் நடித்த சிறுமி நாஸ், கான் விழாவில் தனிக் குறிப்புப் பெற்றார். ‘ஜாக்தே ரஹோ’ (1956) குடிக்கத் தண்ணீர் தேடி மாடிக் குடியிருப்புக்குள் நுழைந்த கிராமத்தானைத் திருடனாக்கித் துரத்தும் ஓர் இரவைச் சொல்லி, கார்லோவி வாரியில் முதல் பரிசு பெற்றது.

‘பதேர் பாஞ்சாலி’: சத்யஜித் ராயின் முதல் படம். 1952இல் தொடங்கிய படப்பிடிப்பு பணமின்றிப் பலமுறை நின்றது. ராய் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். மனைவியின் நகைகளும் போயின. கடைசியில் மேற்கு வங்க முதல்வர் பி. சி. ராயின் அரசு நிதி கொடுத்தது. படத்தின் பெயரில் பாதை என்ற சொல் இருந்ததால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் பணம் எழுதப்பட்டது என்பர். ஊர் முன்னேற்றத் திட்டத்தில் குடும்பம் சேர்வதாக முடிவை மாற்றலாமே என்ற அதிகாரிகளின் யோசனையைச் சத்யஜித் ராய் ஏற்கவில்லை. 1955 மே மாதம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் முதலிலும், ஆகஸ்டில் கல்கத்தாவிலும் படம் திரையிடப்பட்டது. வறுமையைக் காட்டுகிறது என்று அரசு வட்டாரத்தில் எழுந்த தயக்கத்தை நேருவின் ஒப்புதல் நீக்க, 1956இல் கான் சென்று சிறந்த மனித ஆவணத்துக்கான பரிசுடன் திரும்பியது.

இப்படத்தில் வில்லன் கிடையாது. கொய்யாப்பழம் திருடும் துர்கா, பல் போன பாட்டி இந்திர், மிட்டாய்க்காரன் பின்னால் ஓடும் குழந்தைகள், மழை, காய்ச்சல் ஆகியவையே படம். காசில்லாத வீட்டிலும் சிரிப்பு உண்டு என்பதைக் காட்டியதால், ஏழையைப் பரிதாபப் பொருளாக்கும் வழக்கத்திலிருந்து இது முற்றிலும் விலகி நிற்கிறது.

‘மதர் இந்தியா’: மெஹ்பூப் கான் 1957இல் எடுத்த இப்படம் அவரே 1940இல் எடுத்த ‘ஔரத்’தின் மறு ஆக்கம். மேயோவின் நூற்பெயரையே எடுத்து அதற்கு மறுமொழியாக்கினார். வட்டிக்காரன் சுக்கிலாலாவாக இரு படங்களிலும் நடித்தவர் கன்ஹையாலால். ஊருக்குக் கால்வாய் திறந்துவைக்க வரும் முதியவள் ராதா தன் கடந்தகாலத்தை நினைப்பதாகக் கதை தொடங்குகிறது. வறுமை முடிந்துபோன கதை, முன்னால் இருப்பது அணைக்கட்டும் கால்வாயும் என்பது படத்தின் செய்தி. ஏர்க்காலைத் தோளில் சுமக்கும் ராதாவாக நர்கிஸ் நடித்தார். ஆஸ்கரின் பிறமொழிப் பட இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இந்தியப் படம் இது.

வகைப்பாடு

இந்திய வறுமைப் படங்களை ஆறு வகையாகப் பிரிக்கலாம். ஒரே படம் இரு வகைகளில் அடங்குவதும் உண்டு.

1. ஊழ்வழி வறுமை: வறுமை விதியாலோ சோதனையாலோ வருவது. ஹரிச்சந்திரன், நல்லதங்காள் கதைப் படங்கள் இவ்வகை. பஞ்சத்தில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் நல்லதங்காளின் கதை தமிழிலும் மலையாளத்திலும் பேசும் படமாயிற்று.

2. சுரண்டல்வழி வறுமை: வட்டிக்காரன், ஜமீன்தார், ஆலை முதலாளி ஆகியோரால் வருவது. ‘சாவ்காரி பாஷ்’, ‘தோ பிகா ஜமீன்’, ஷியாம் பெனகலின் ‘அங்குர்’ (1974) ஆகியவை காட்டுகள்.

3. மீட்பர் படம்: ஏழைகளிலிருந்து ஒருவன் எழுந்து பிறரைக் காப்பது. அவன் ரிக்ஷா ஓட்டினாலும் படகு விட்டாலும் சட்டை அழுக்காவதில்லை. எம்.ஜி.ஆர் படங்களும் எழுபதுகளின் அமிதாப் பச்சன் படங்களும் இதில் அடங்கும்.

4. அன்றாட வறுமை: பெரிய நிகழ்ச்சி இல்லாமல் ஒரு நாளைத் தள்ளுவதையே கதையாக்குவது. ‘பதேர் பாஞ்சாலி’ தலையாய காட்டு.

5. காட்சிப்பொருள் வறுமை: ஏழைக்கு வெளியே நிற்பவரின் வியப்பையோ அருவருப்பையோ இரக்கத்தையோ மையமாக்குவது. வெளிநாட்டார் எடுத்த படங்களில் மிகுதி, உள்நாட்டிலும் குறைவில்லை.

6. தன்னையே வினவும் படம்: வறுமையைப் படமெடுப்பவரையே படமாக்குவது. மிருணாள் சென்னின் ‘அகாலேர் சந்தானே’ (1980) இவ்வகையின் சிகரம். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் படமெடுக்கக் கல்கத்தாவிலிருந்து ஒரு குழு கிராமத்துக்கு வருகிறது. ஓய்வு நேரத்தில் பஞ்சப் புகைப்படங்களைக் காட்டி எந்த ஆண்டுப் பஞ்சம் என்று ஒருவரையொருவர் ஊகிக்கச் சொல்லி விளையாடுகிறார்கள். குழுவுக்காகச் சந்தையில் வாங்கிக் குவிப்பதால் ஊரில் விலை ஏறுகிறது. பஞ்சத்தைப் படமெடுக்க வந்தவர்களே பஞ்சத்தைக் கொண்டுவந்தார்கள் என்று ஊர் முணுமுணுக்கிறது. 1981இல் பெர்லினில் வெள்ளிக் கரடி பெற்றது.

முதலீட்டைக் கொண்டும் ஒரு பிரிவு செய்யலாம். பெனகலின் ‘மந்தன்’ (1976) குஜராத் பால் கூட்டுறவு உழவர் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். ஏழைகளைப் பற்றிய படத்துக்கு அவர்களே தயாரிப்பாளராக அமைந்தது அரிது.

தமிழ்த் திரையில்

தமிழ்ப் பேசும் படம் ஏழையைக் கோயிலிலிருந்தும் நாவலிலிருந்தும் எடுத்துக்கொண்டது. விக்தர் ஹ்யூகோவின் நாவலைத் தழுவிய ‘ஏழை படும் பாடு’ (1950) நாகையாவின் நடிப்பால் பெயர் பெற்றது. அதில் ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு வேடப்பெயரே முன்பெயராகிவிட்டது. அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), கருணாநிதியின் ‘பராசக்தி’ (1952) ஆகியவை வறுமையை வசனமாக்கின. சென்னைத் தெருவில் பசித்துத் திரியும் குணசேகரன் இறுதியில் நீதிமன்றத்தில் நின்று பேசுகிறான். அதுவரை அழுதுகொண்டிருந்த ஏழை, கேள்வி கேட்கத் தொடங்கினான்.

எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’, ‘தொழிலாளி’ (இரண்டும் 1964), ‘விவசாயி’ (1967), ‘ரிக்ஷாக்காரன்’ (1971) ஆகியவை தலைப்பிலேயே தொழிலைச் சூடின. ‘ரிக்ஷாக்காரன்’ அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ஏழைகளின் வாக்கும் இப்படங்களின் நாயகப் படிமமும் எவ்வாறு பின்னிக்கொண்டன என்பதை எம். எஸ். எஸ். பாண்டியன் தம் ஆங்கில நூலில் (1992) ஆராய்ந்தார்.

இதற்கு மாறான ஓடை ஒன்றும் மெல்லியதாக ஓடியது. நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) தொழிலாளர் வாழ்வைப் பேசியது. ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965), சென்னைச் சேரியின் பேச்சை மெருகிடாமல் திரையில் ஒலிக்கவைத்தது; தேசிய விருதும் பெற்றது, வணிக அரங்குகளில் ஓடவில்லை. துரையின் ‘பசி’ (1979) குப்பை பொறுக்கும் குப்பம்மாளின் கதை. அவ்வேடத்தில் ஷோபா தேசிய விருது பெற்றார். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைக் கே. பாலசந்தர் படமாக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊருக்குக் குடிநீர் வராத கதையைச் சொன்னது.

பம்பாயின் தாராவிக் குடிசைப் பகுதிக்குத் தமிழரோடு பழைய உறவு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலில் நிலைத்தனர். மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) காட்டும் தாராவியில் பெரும்பகுதி தோட்டா தரணி சென்னையில் அமைத்த அரங்கம். அதற்காக அவர் தேசிய விருது பெற்றார். பா. இரஞ்சித்தின் ‘காலா’ (2018) அதே தாராவியில் நில உரிமையைக் கையில் எடுத்தது.

எம். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ (2015) தண்டவாளத்தில் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கிக் காசு சேர்த்து பீட்ஸா வாங்கப் போகும் இரு சிறுவர்களின் கதை. வாசலில் அடிபட்டுத் திரும்பும் அவர்கள் தொலைக்காட்சிச் செய்தியாகிறார்கள். கடைசியில் பீட்ஸாவைத் தின்றுவிட்டுப் பாட்டி சுட்ட தோசையே மேல் என்று நினைக்கிறார்கள். வறுமையை அழாமல் சொல்ல முடியும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று இல்லை.

வெளிநாட்டார் படங்களில்

ஆங்கிலேயப் பேரரசைப் போற்றும் படங்களில் இந்தியர் பணியாளாகவோ பகைவனாகவோ வந்தனர். ‘தி டிரம்’ (1938) பம்பாயில் ஆர்ப்பாட்டத்தைக் கிளப்பியது. கிப்ளிங்கின் கவிதையை ஒட்டிய ‘கங்கா தின்’ (1939) படத்தில் தண்ணீர் சுமக்கும் ஏழை இந்தியனாக அமெரிக்க நடிகர் சாம் ஜாஃபி முகத்தில் கருஞ்சாயம் பூசி நடித்தார். பம்பாயிலும் வங்கத்திலும் படம் தடை செய்யப்பட்டது. இச்சாய வேட வழக்கம் ‘தி பார்ட்டி’ (1968) படத்தில் பீட்டர் செல்லர்ஸ் வரையிலும், ‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984) படத்தில் அலெக் கின்னஸ் வரையிலும் நீண்டது. அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தன் இந்தியக் கடைக்காரருக்கு சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ச் சிறுவன் அபுவின் பெயரையே வைத்தது. குரல் கொடுத்தவர் வெள்ளையர். 2020இல் அவர் விலகினார்.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968இல் இந்தியாவைச் சுற்றி எடுத்த காட்சிகளிலிருந்து ‘கல்கத்தா’ என்ற படமும் ஏழு பகுதித் தொலைக்காட்சித் தொடரும் உருவாயின. தொடரின் ஒரு பகுதி சென்னைக்கு உரியது. தேர்த் திருவிழாவும் கலாக்ஷேத்ராவின் நடன வகுப்பும் அதில் உண்டு. 1970இல் பி.பி.சி. இவற்றை ஒளிபரப்பியபோது இந்திய அரசு நிறுத்தச் சொன்னது. மறுக்கவே டெல்லியில் பி.பி.சி. அலுவலகம் மூடப்பட்டது. சென்னைப் பகுதியைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை. கல்கத்தாவின் தொழுநோயாளரும் பஸ்திகளும்தான் உறுத்தின.

‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படம் (1984) இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டதால் இலங்கைக்கு இடம் மாறிக் கண்டிப் பகுதியில் எடுக்கப்பட்டது. பஞ்சத்தில் வாடும் இந்தியக் கிராமமாகத் திரையில் வருவது இலங்கை. அவ்வூரார் பேசுவது சிங்களம். இந்திய வறுமைக்கு இந்தியா கூடத் தேவைப்படவில்லை. ரோலண்ட் ஜோஃபியின் ‘சிட்டி ஆஃப் ஜாய்’ (1992) படப்பிடிப்பைக் கல்கத்தாவில் பலர் எதிர்த்தனர். இதிலும் ஒரு கைரிக்ஷாக்காரர் உண்டு. ஓம் புரி நடித்தார். ஆனால் ஷம்பு ரிக்ஷா இழுத்த ஊரில் இப்போது கதையை நடத்துபவர் ஓர் அமெரிக்க மருத்துவர்.

மீரா நாயரின் ‘சலாம் பம்பாய்!’ (1988) உண்மைத் தெருச் சிறுவர்களைப் பயிற்றுவித்து நடிக்கவைத்தது. கான் விழாவில் முதற்படத்துக்கான தங்கக் காமிராப் பரிசு பெற்றது. படத்தின் வழியாகத் தெருக் குழந்தைகளுக்கான சலாம் பாலக் அறக்கட்டளை பிறந்தது. விகாஸ் ஸ்வரூப்பின் நாவலிலிருந்து டேனி பாய்ல் எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) எட்டு ஆஸ்கர் வென்றது. அவற்றில் இரண்டு ஏ. ஆர். ரஹ்மானுடையவை. தலைப்பில் ‘நாய்’ இருப்பதை எதிர்த்துப் பாட்னாவில் போராட்டம் நடந்தது. 2009 மே மாதம், விருது மேடையின் வெளிச்சம் அணைந்து மூன்று மாதத்துக்குள், படத்தில் நடித்த ஒரு சிறுவனின் குடிசையை மும்பை மாநகராட்சி இடித்தது. படக்குழு ஏற்படுத்திய அறக்கட்டளை பின்னர் வீடு வழங்கியது.

தணிக்கையும் நாடாளுமன்றமும்

பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் செல்வமும் வறுமையும் அருகருகே இருப்பதைக் கே. ஏ. அப்பாஸ் 1968இல் ஒரு குறும்படமாக எடுத்தார். சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளை வெட்டச் சொன்னதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து எல்லோரும் பார்க்கும் சான்றிதழைக் கொடுக்க முன்வந்தது. எனினும் 1970இல் நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்பாஸ் தம் படத்தை வென்று வழக்கைத் தோற்றார். இதற்கு மாறாக, பம்பாய்க் குடிசை இடிப்பைக் காட்டிய ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ (1985) தேசிய விருதே பெற்றது.

1980இல் மாநிலங்களவை நியமன உறுப்பினராயிருந்த நர்கிஸ், சத்யஜித் ராய் இந்திய வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து புகழ் தேடுகிறார் என்று குற்றம்சாட்டினார். அணைகளையும் நவீன இந்தியாவையும் காட்டவேண்டும் என்பது அவர் வாதம். இது ‘மதர் இந்தியா’வின் முதல் காட்சியிலேயே இருக்கும் வாதம். இக்குற்றச்சாட்டு பொருந்தாது. ‘பதேர் பாஞ்சாலி’ எழுத்தாளர் விபூதிபூஷண் வங்காளிகளுக்காக வங்காள மொழியில் எழுதிய நாவலின் திரைவடிவம். கல்கத்தாவில் அது வாரக்கணக்கில் ஓடியது. வெளிநாட்டான் பார்த்துவிட்டான் என்பதே குறை என்றால், அந்தக் குறை படத்தில் இல்லை, பார்ப்பவனைப் பற்றிய நம் அச்சத்தில் இருக்கிறது.

இன்றைய நிலை

வணிக இந்திப் படங்களில் ஏழை 1990களுக்குப் பின் அரிதானார். ‘கல்லி பாய்’ (2019) போன்றவை விலக்கு. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாமில் புலி விருதும், பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ 2024இல் கான் விழாவின் இரண்டாம் பெரிய பரிசும் பெற்றன. ஓ.டி.டி. தளங்களிலும் இவ்வகைப் படங்கள் வெளியாகின்றன. சாதியைப் பெயர் சொல்லிப் பேசும் தமிழ்ப் படங்கள் மிகுந்துள்ளன. மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) அவர் தம் சிறுவயதில் வாழைத்தார் சுமந்த நாள்களிலிருந்து எழுந்த படம்.